பழைய ஹவுளில் 212 வாற்பேத்தைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கப் போய் நாங்கள் படித்துக்கொண்ட கதை இது. எங்கள் பிழையையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

எங்கள் பாடசாலைத் தொழுகை அறைக்குப் பின்னால் ஒரு பழைய ஹவுள் இருந்தது. குழாய் வரிசை கட்டிய பிறகு அதில் யாரும் வுழூ செய்வதில்லை. மழைத்தண்ணீர் அரைவாசிக்கு நிற்கும். மேலே ஜம்பு மரம், உள்ளே அதன் இலைகள். ஒக்டோபர் மழை தொடங்கிய ஒரு காலையில் தரம் 7 கடைசி வாங்குப் பையன் ஒருவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. வாசிப்பிலும் கொஞ்சம் பின்தங்கியவன்.

"சேர், ஹவுள்ட சுவர்ல யாரோ ஷேவிங் நுரை பூசியீக்காங்க."

போய்ப் பார்த்தோம். தண்ணீருக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், சுவரோடு ஒட்டி, ஒரு கோப்பை அளவில் வெள்ளை நுரை. மேற்பக்கம் காய்ந்து லேசாக மஞ்சளித்திருந்தது. பெரிய வகுப்புப் பையன் ஒருவன் ஏற்கனவே ஈர்க்கால் குத்திப் பார்த்திருந்தான். குத்திய இடத்தில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெளிறிய முட்டைகள் தெரிந்தன.

அது தவளைக் கூடு. இரவில் குளியலறைச் சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் ஒட்டிக்கொண்டிருக்குமே, பழுப்பு நிறத்தில் ஒரு மரத்தவளை, அதன் கூடு. முதுகில் இரண்டு முக்கோணங்களை முனையோடு முனை ஒட்டினாற்போல ஓர் அடையாளம் இருக்கும். விஞ்ஞானப் பெயர் பொலிபெடேற்றஸ் குரூசிகர். இலங்கைக்கே உரியது. வட்டிலப்பத்துக்கு உம்மா முட்டை அடிப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். இதுவும் ஏறத்தாழ அப்படித்தான் என்றோம். பெண் தவளை ஒரு திரவத்தை விட, பின்னங்கால்களால் அதை அடித்து நுரைக்க வைத்து, அதற்குள் முட்டைகளை இடும். வெளிப்புறம் காய்ந்து ஓடு மாதிரியாகும். உள்ளே ஈரம் இருக்கும். சில நாட்களில் குஞ்சுகள் நுரையைக் கரைத்துக்கொண்டு கீழே தண்ணீரில் விழும். அதனால்தான் எப்போதும் தண்ணீருக்கு மேலேயே கூடு கட்டும்.

அந்தக் குஞ்சுக்குப் பெயர் வாற்பேத்தை. தமிழ்நாட்டில் தலைப்பிரட்டை என்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெறும் 'தவளக் குட்டி'. கிண்ணியாவிலிருந்து வந்து எங்களோடு படிப்பிக்கும் டீச்சர்தான் சொன்னார்: "எங்கட பக்கம் பேத்தைன்னா வயிறு ஊதின மீன் சேர். இதுக்கு வால் நீளம், அவ்வளவுதான்." அதன் பிறகு எந்தப் பிள்ளைக்கும் பெயர் மறக்கவில்லை.

ஐந்தாம் நாள் இடைவேளையில் அவை விழத் தொடங்கின. ஒவ்வொன்றாக, சத்தமேயில்லாமல். வகுப்பு முழுக்க ஹவுளைச் சுற்றி நின்றது. மாஷா அல்லாஹ், அன்று யாரும் யாரையும் தள்ளவில்லை.

அடுத்த வாரம் அறிவித்தல் வந்தது. டெங்குப் பரிசோதனை. பாடசாலை வளவில் தண்ணீர் தேங்கும் எந்த இடமும் இருக்கக் கூடாது.

இதில் கோபப்பட எங்களுக்கு உரிமை இல்லை. 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானதை நாம் மறக்க முடியாது. எங்கள் வகுப்பிலேயே ஒரு பிள்ளை போன வருடம் டெங்குவால் ஆஸ்பத்திரியில் கிடந்து, குருதிச் சிறுதட்டு இறங்கி, துஆ கேட்டுக் கேட்டுத் திரும்பி வந்தவள். ஹவுளில் 'தவளக் குட்டி' வளர்க்கிறார்கள் என்ற கதை வீட்டுக்குப் போய், அவளுடைய உம்மா பாடசாலைக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"சேர், ஒங்கட படிப்புக்கு நாங்க மாறா இல்ல. ஆனா எங்கட புள்ளய ஒருக்கா நாங்க திருப்பி எடுத்தாச்சு. இன்னொருக்கா ஏலாது."

அதற்குப் பதில் எங்களிடம் இருக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். இருந்தது. 2013இல் பேராதனை ஆய்வாளர்கள், வாற்பேத்தைகள் டெங்கு நுளம்பின் முட்டைகளைத் தின்பதை ஆய்வுகூடத்தில் காட்டியிருந்தார்கள். சோதித்த இனங்களில் எங்கள் ஹவுளில் நீந்தியதும் ஒன்று. அந்த விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஆய்வுகூடத்தில் கண்டது வேறு, ஓர் உம்மாவுக்கு உத்தரவாதம் கொடுப்பது வேறு. அந்த நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரோடு ஒட்டித்தான் பெரும்பாலும் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். வாற்பேத்தை சுவர் ஏறிப் போய் அதைத் தின்னாது. "ஹவுளை இறைக்கிறோம்" என்று அவருக்கு வாக்குக் கொடுத்தோம்.

வகுப்பில் சொன்னபோது அழுத பிள்ளைகளும் உண்டு. தவளையைக் கொல்லக் கூடாது என்ற ஹதீஸை மௌலவி சேரிடம் கேட்டுக்கொண்டு வந்து நின்றவர்களும் உண்டு. கொல்லப்போவதில்லை, விஞ்ஞான அறைக்கு மாற்றப்போகிறோம், மேலே நுளம்பு வலை கட்டுவோம் என்றோம்.

தேநீர் வடியால் அள்ளி, யோக்கட் கப்பில் எண்ணி எடுத்தோம். 212. மூன்று பெரிய பேசின்கள் கழுவிக் குழாய்த் தண்ணீரால் நிரப்பித் தயாராக இருந்தன. அப்போது அந்தக் கடைசி வாங்குப் பையன் மெல்லக் கேட்டான்:

"சேர், அதுகள்ட பழைய தண்ணியையே ஊத்துவோமே?"

"அது அழுக்குத் தண்ணி மகன். இது சுத்தமான தண்ணி." எங்கள் வாயால் வந்த பதில் அதுதான்.

அடுத்த நாள் காலையில் அறையைத் திறந்தால் பேசின்களின் அடியில் வெள்ளை வயிறுகள். 87.

குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கிறது. நாம் குடிப்பதற்குப் பாதுகாப்பான அளவு அது. ஆனால் தண்ணீரைச் செவுளுக்குள் ஓடவிட்டு மூச்செடுக்கிற, மெல்லிய தோலுள்ள ஒரு சின்ன உயிருக்கு அது எரிக்கிற தண்ணீர். திறந்த பாத்திரத்தில் ஓரிரு நாள் வைத்திருந்தால் குளோரீன் பெரும்பாலும் போயிருக்கும். மீன்தொட்டி வைத்திருக்கும் எந்தப் பையனும் அறிந்த விஷயம். விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்களுக்கு அந்த நேரம் நினைவு வரவில்லை. நினைவு வரவில்லை என்பதை விட, கடைசி வாங்கிலிருந்து ஒரு சரியான யோசனை வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. உண்மை அதுதான்.

வகுப்பின் முன்னால் நின்று சொன்னோம்: "இது எங்கள் பிழை. இவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இவை செத்திருக்காது." பையன் தலையைக் குனிந்துகொண்டான். பெருமைப்படுகிறானா, கவலைப்படுகிறானா என்று பார்க்க முடியவில்லை. ஜம்பு மரத்தடியில் குழி வெட்டி 87ஐயும் புதைத்தோம். எஞ்சிய 125க்கு மழைத்தண்ணீர் சேர்த்தோம்.

அன்றிலிருந்து பாடப்புத்தகத்தை மூடிவிட்டுக் கைவில்லையால் பார்க்கத் தொடங்கினோம். பாடப்புத்தகப் படத்தில் வாற்பேத்தை ஒரு கறுப்புப் புள்ளியும் அதற்கொரு வாலும்தான். வில்லைக்குள் வருவது வேறு.

முதலில் வாய். பொத்தலான ஒரு சின்ன வட்டமல்ல அது. நடுவில் கிளிச்சொண்டு மாதிரிக் கறுத்த இரண்டு விளிம்புகள். அதற்கு மேலும் கீழும் சீப்பு வைத்தாற்போல நுண்ணிய பற்களின் வரிசைகள். ஓரத்தில் குஞ்சம் போலச் சின்னச் சின்ன முளைகள். பற்கள் என்றாலும் எங்கள் பல் மாதிரி அல்ல. நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே கெரற்றின்தான். சீப்பு வரிசை பாசியைச் சுரண்டும், சொண்டு வெட்டும். பேசின் சுவரில் பாசி படிந்த இடத்தில் அவை மேய்ந்த தடம் கோடு கோடாகத் தெரிந்தது. அவித்த கங்குன் போட்டால் இரண்டு நாளில் நரம்பு மட்டும் மிஞ்சும்.

பிறகு வயிறு. கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டுக் கீழிருந்து பார்க்கச் சொன்னோம். ஒரு பிள்ளை கத்தினாள்: "சேர், நுளம்புத்திரி!" அதேதான். குடல் நுளம்புத்திரி போலச் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. பாசியும் இலையும் தின்கிற உயிருக்கு நீளமான குடல் வேண்டும். டெங்குவிலிருந்து எழுந்து வந்த பிள்ளைதான் அப்படிக் கத்தியவள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மூச்சு. மீன் வாங்கும்போது பூ சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்போமே, அந்தப் பூ இதற்கும் உண்டு. ஆனால் தோலால் மூடி உள்ளே இருக்கும். வாயால் எடுத்த தண்ணீர் பூவைத் தடவிக்கொண்டு வெளியேற ஒரேயொரு துவாரம். அது உடலின் இடப்பக்கம் மட்டும். "வலப்பக்கம் இல்லயே சேர்?" என்று முழு வகுப்பும் தேடியது. இல்லை. வலப்பக்கம் இருப்பது வேறொன்று: கழிவு வரும் சின்னக் குழாய் வாலடியில் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரு பக்கமும் ஒன்று போலத் தெரியும் ஓர் உயிர், கிட்டப் போனால் அப்படியில்லை.

வால் உடலை விட நீளம். நடுவில் தசை, மேலும் கீழும் கண்ணாடித் தாள் போன்ற செட்டை. உள்ளே மீன் மாதிரி முள் இல்லை. பின்னொரு நாள் கரைய வேண்டிய வால் அல்லவா? கண்கள் தலையின் இரண்டு ஓரங்களில் இருந்தன. தண்ணீரின் நடுவில் மிதந்து திரிகிற உயிருக்கு மேலேயும் பார்க்க வேண்டும், கீழேயும் பார்க்க வேண்டும்.

"எல்லாத் தவளக் குட்டியும் இப்படித்தானா சேர்?" என்று ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. இல்லை. எங்கள் நாட்டிலேயே பாறையில் வழியும் மெல்லிய நீரில் வாழும் ஒரு தவளை இருக்கிறது, நனோபிரிஸ் என்ற வகை. மரத்தவளை அல்ல. அதன் வாற்பேத்தை தட்டையாக, வால் ஒடுங்கி, ஈரப் பாறையோடு ஒட்டியே திரியும். ஆழத்தண்ணீரே தேவையில்லை. மத்திய அமெரிக்காவில் ஒரு மரத்தவளையின் வாற்பேத்தை, குளத்தில் தும்பிக் குடம்பி இருந்தால் வாலைப் பெரிதாக்கிச் சிவப்பேற்றிக் கொள்ளும். கடிக்க வருகிறவன் தலையை விட்டு வாலைப் பிடிக்கட்டும் என்று. மீன் இருக்கும் குளமென்றால் வால் ஒடுங்கி நிறமில்லாமல் வளரும். தாய் ஒன்று, இனம் ஒன்று, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உடம்பே மாறுகிறது. இதைச் சொன்னபோது ஆசிரியர் அறையிலும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிள்ளைகளைப் பற்றித்தான் எல்லோரும் யோசித்திருப்போம்.

இன்னொன்று. இலங்கையின் மரத்தவளைகளில் பெரும்பாலானவை வாற்பேத்தையே ஆவதில்லை. சூடோஃபைலோற்றஸ் என்ற பெரிய பேரினம். ஈர மண்ணிலோ இலையிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் முடிந்து, நகத்தளவுத் தவளையாகவே வெளியே வரும். 2002இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஆய்வுக்குப் பிறகுதான் இந்தச் சின்னத் தீவில் இத்தனை வகை இருப்பது உலகத்துக்கே தெரிந்தது. அவற்றில் ஒரு டசினுக்கும் மேற்பட்டவை அழிந்துவிட்டன என்பதும் அதே கதையின் மறுபக்கம். குளம் வேண்டாம் என்று படைக்கப்பட்டவைக்குக் காடு வேண்டும். காடு போனால் அவையும் போகும். எங்கள் ஹவுளில் வந்ததோ மனிதன் வீட்டுக்குள்ளும் சமாளிக்கிற இனம். அதுவே எங்கள் ஒரு வாளிக் குழாய்த் தண்ணீரைச் சமாளிக்கவில்லை.

ஐந்தாம் வாரம் போல் பின்னங்கால்கள் மொட்டு விட்டன. நாளாக ஆக விரல் பிரிந்தது. விரல் நுனிகளில் குண்டூசித் தலை மாதிரி வட்டத் தட்டுகள். தண்ணீருக்குள் நீந்தும் உயிருக்கு எதற்கு ஒட்டும் விரல்? இன்னும் பார்த்திராத மரத்துக்காக. முன்னங்கால்கள் அதே நேரம் தோலுக்குள்ளே மறைந்து வளரும். ஒரு காலையில் ஒன்றின் இடக்கை, அந்த இடப்பக்கத் துவாரத்தாலேயே முழங்கையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. இதற்குத்தான் அத்தனை நாளும் நோட்டுப் புத்தகத்தில் அந்தத் துவாரத்தை வரைந்தோமா என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

அப்போது அந்தப் பையன் வந்தான். "சேர், கை வந்த பொறவு அதுகள் ஏறி நிக்க எனத்தயாவது வெப்போம். இல்லாட்டி தாண்டிடும்."

இந்த முறை கேள்வி கேட்கவில்லை. சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தோம். அவன் சொன்னது சரி. அந்தக் கட்டத்தில் நுரையீரல் வேலைக்கு வந்து, செவுள் கரையத் தொடங்கியிருக்கும். கரை இல்லாவிட்டால் தவளை தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். எங்கே படித்தாய் என்று கேட்டோம். "படிக்கல்ல சேர். பாத்தேன். ஒண்டு மேல மேல வந்து மூச்செடுக்குது."

கடைசி நாட்களில் அவை சாப்பிடுவதில்லை. சொண்டும் சீப்புப் பல்லும் உதிர்ந்து, வாய் கண்ணுக்குப் பின்னால் வரை கிழிந்து, தவளை வாயாகிறது. நுளம்புத்திரிக் குடல் சுருங்கிக் குட்டையாகிறது, இனி இலை அல்ல, பூச்சிதான் உணவு. அந்தப் பட்டினி நாட்களில் அதற்குச் சாப்பாடு அதன் வால்தான். வால் அறுந்து விழுவதில்லை, உள்ளே உறிஞ்சப்படுகிறது. இவ்வளவையும் நடத்துவது தைரொயிட் சுரப்பியின் ஓமோன்.

ஒன்று மட்டும் முதுகு வளைந்திருந்தது. விவசாய இரசாயனங்களால் இதே இனத்துக்கு முதுகு வளைவு வரலாம் என்று பேராதனையில் சோதித்திருக்கிறார்கள். எங்கள் வளவுக்கு மேலே மரக்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. ஆனாலும் நோட்டில் "ஒன்றுக்கு முதுகு வளைந்திருந்தது" என்று மட்டும் எழுதச் சொன்னோம். கண்டதை எழுதுவது வேறு, காரணம் சொல்வது வேறு. பெரியவர்களான நாங்களே அடிக்கடி கோட்டைவிடும் இடம் அது.

பரிசோதனைக்கு வந்த பீ.எச்.ஐ. மஹத்தயா நல்ல மனிதர். வலை கட்டிய பேசின்களைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு எங்களைப் பின்னால் அழைத்துப்போய், விஞ்ஞான அறையின் பீலியிலும் மதிலோரத்து யோக்கட் கப் ஒன்றிலும் நுளம்புக் குடம்பிகளைக் காட்டினார். அந்தக் கப் நாங்கள் வாற்பேத்தை எண்ணிவிட்டுப் போட்ட கப். சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டோம்.

தவணை விடுமுறைக்கு முன் 74 தவளைகளை வளவின் கீழ்ப்பக்கம் ஓடைக்கரைப் பற்றையில் விட்டோம். ஒவ்வொன்றும் பெருவிரல் நகத்தளவு. வகுப்பு மாணவியின் உம்மாவும் வந்திருந்தார். மகள் கையிலிருந்து ஒன்று பாய்ந்து அவருடைய ஷோலில் ஒட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை. "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி விரலால் எடுத்து இலையில் வைத்தார். விரலில் ஒட்டியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

ஹவுளை இறைத்து, மண் நிரப்பி, கீரை போட்டோம். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

இதைப் பதிவாக எழுதும் காரணம் நேற்றுக் காலை. முந்தின இரவு நல்ல மழை. கீரைப் பாத்தியில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். விடிந்தபோது மண் அதைக் குடித்துவிட்டது. மேலே, அதே சுவரில், அதே உயரத்தில், வெள்ளை நுரை.

கீழே விழுந்தால் மண்தான். என்ன செய்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டே அங்கே போனபோது, நுரைக்கு நேர் கீழே ஒரு பேசின் இருந்தது. அரைவாசிக்குத் தண்ணீர். நுரைக்கும் சேர்த்து மேலே நுளம்பு வலை, நாலு பக்கமும் கல் வைத்து. பக்கத்தில் கடைசி வாங்குப் பையன் வெறும் போத்தலோடு நின்றான்.

"மழைத்தண்ணி சேர்" என்றான். "வீட்டுப் பீலில பிடிச்ச."

உங்கள் வீட்டுச் சுவரிலும் இந்த நுரையைக் கண்டால் தும்புக்கட்டையை எடுக்க முன் ஒருக்கா கிட்டப் போய்ப் பாருங்கள். தேங்கிய தண்ணீரைக் கட்டாயம் கொட்டுங்கள், பிள்ளைகளின் உயிர் முக்கியம். கொட்ட முன் உள்ளே யாராவது நீந்துகிறார்களா என்றும் பாருங்கள். வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவர் ஏதாவது சொன்னால், தயவுசெய்து முதல் தடவையே கேளுங்கள்.